மேலே பார்ப்பவள்

இன்றைக்கும் கழி சீக்கிரமே முதுகில் பட்டது. மரம் அசையவில்லை. அசைந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், வாள் தகடு மரத்துக்குள் இருக்கும்போது உச்சியில் ஒரு நூல் அசைந்தாலும் கைப்பிடி வழியாக அது கைக்கு வந்துவிடும், வந்துவிடும் என்றுதான் இருபத்தாறு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். இப்போது என் கைக்கு என்னென்ன வருகிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் மரம் அசையவில்லை, ஏனென்றால் நான் மேலே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மெஷினை அணைத்துவிட்டு ஒதுங்கி வந்து இரண்டு பேரும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம், அது பாட்டுக்கு நின்றது. திரும்பப் போய் இன்னும் ஒரு விரல் ஆழம் அறுத்த பிறகுதான் சாய்ந்தது, விழ வேண்டிய இடத்தில் ஒழுங்காக விழுந்தது. பிலோமினா கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த மரத்தைப் பார்க்க நடந்தாள். ஏன் சீக்கிரம் தட்டினாய் என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதமாக இப்படித்தான் நடக்கிறது. வீட்டில் ரசத்தில் உப்பு கூடினால் உடனே கேட்கிற எனக்கு இதைக் கேட்க வாய் வரவில்லை. பிலோமினா என் மனைவி. மெஷின் வாள் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது, காதை அடைத்துக்கொண்டுதான் நிற்பேன். அதனால் எனக்குப் பின்னால் பக்கவாட்டில் பத்தடி தள்ளி அவள் நிற்பாள், கையில் மூங்கில் கழி, அதன் நுனியில் பழைய பாவாடைத் துணி சுற்றிக் கட்டியிருக்கும். நடு முதுகில் பட்டால் நிறுத்திவிட்டு வா என்று அர்த்தம். இடது தோளில் பட்டால் இடது பக்கமாக ஓடு, வலது தோளென்றால் வலது பக்கமாக. அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. முதல் நாளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம், நான் கீழே மட்டும் பார்ப்பேன், அவள் மேலே மட்டும் பார்ப்பாள். அறுக்கிறவன் உச்சியைப் பார்த்தால் தகடு எங்கே போகிறதென்று தெரியாது. உச்சியைப் பார்க்கிறவள் தகட்டைப் பார்த்தால் மேலே என்ன நடக்கிறதென்று தெரியாது. பன்னிரண்டு வருஷம் அந்தச் சட்டம் நின்றது. மூன்று மாதமாக நான் மீறிக்கொண்டிருக்கிறேன், களவாக, கழுத்து வலிக்கிற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு.

இரண்டாவது மரம் சரிவில் கொஞ்சம் மேலே நின்றது. தோட்டக்காரர் ராஜாங்கம் அதைக் காட்டுவதற்காக எங்களோடு ஏறி வந்தார், என்னைவிடப் பத்து வயது இளையவர், தாண்டிக்குடி மலையில் ஆறு ஏக்கர் காப்பி வைத்திருக்கிறார், எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாதவர். “என்னண்ணே, காலையிலயே அக்காகிட்ட ஒரு அடி வாங்கிட்டீங்க போல” என்றார். “இதெல்லாம் சேர்த்தியா தம்பி, வீட்டுல வாங்குறது தனி” என்றேன். பிலோமினா கழியை ஊன்றி ஏறிக்கொண்டே, “வீட்டுல அடிக்கிறதுக்குக் கழி எதுக்கு” என்றாள். ராஜாங்கம் சிரித்துக்கொண்டு களத்தில் காப்பி காயப்போட்டிருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார். அவர் போன பிறகு நாங்கள் மரத்தைச் சுற்றி வந்தோம். சில்வர் ஓக், அறுபது அடி இருக்கும். மிளகுக் கொடி ஏற்றியிருந்த மரம், கொடியும் மரமும் சேர்ந்தே காய்ந்திருந்தன. லேசாகக் கிழக்கே சாய்வு, அந்தப் பக்கம் பழம் பறித்து முடித்த காப்பி வரிசைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி, போட வசதியான மரம்தான். ஆனால் பாதி உயரத்துக்கு மேலே ஒரு கவட்டையில் தொடை கனத்துக்கு ஒரு செத்த கொம்பு முறிந்து மாட்டிக்கொண்டு கிடந்தது. மெஷின் அதிர்வுக்கு இந்த மாதிரிக் கொம்புதான் முதலில் கழன்று வரும், மரத்தை விழவைக்கிறவனை மரம் கொல்வதைவிட இந்தக் கொம்பு கொன்றதுதான் அதிகம். கயிற்று முனையில் ஒரு கல்லைக் கட்டி எறிந்து, மாட்டி, இழுத்துப்போட்டுவிட்டால் அரை மணி நேர வேலை. கயிறு சாக்கில் இருந்தது. கல்லும் காலடியில் கிடந்தது. முடிச்சு யார் போடுவது? மார்கழிக் குளிரில் இந்த விரல்களால் நான் ஒரு முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் அவள் பார்த்துவிடுவாள். “செத்த கொம்பு ஒண்ணு கெடக்கு, பாத்துக்க” என்றேன். “பாத்துக்கிறேன்.” “காத்து வந்தா...” “பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல.” சாக்குக்குள் கயிறு அப்படியே இருந்தது.

விரல்கள் எப்போது ஆரம்பித்தன என்று யோசித்தால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. முதலில் காலையில் மட்டும் வெளுத்தன, மோதிர விரலும் நடுவிரலும், மெழுகுவத்தி மாதிரி, ரத்தமே இல்லாத மாதிரி. வெந்நீரில் முக்கினால் அரை மணியில் சிவந்து குத்திக்கொண்டு திரும்பிவரும். குளிர்தான் என்று நினைத்தேன், குளிர்தான் என்று நினைக்க வசதியாக இருந்தது. பிறகு ஆள்காட்டி விரல். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை முக்கிச் சிலுவை போட்டுக்கொண்டேன், நெற்றியில் ஈரம் தெரிந்தது, விரலில் தெரியவில்லை. தொட்டியில் தண்ணீர் இருந்ததென்று எனக்குச் சொன்னது என் நெற்றி. பூசை முழுக்க அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று ஒரு வரிகூட நினைவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்துவது வலது ஆள்காட்டி விரல். அழுத்துவதில் சிரமமில்லை, அழுத்தியிருக்கிறதா விட்டுவிட்டதா என்பதுதான் தெரிவதில்லை. விடு என்று நான் சொல்கிறேன், விரல் விட்டுவிட்டதென்று நினைக்கிறேன், மெஷின் கத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், இடது மணிக்கட்டால் முன்னால் இருக்கிற பிரேக்கைத் தட்டிவிடுவது. செயின் நின்றுவிடும். யாருக்கும் தெரியாது. மத்தியான்னம் டீ குடிக்கும்போது டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொள்வேன், குளிருக்கு இதமாக என்று. சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் தலைவழியாகவே கழற்றி, தலைவழியாகவே போட்டுக்கொள்வேன். ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனுஷன் தன் மனைவிக்குத் தெரியாமல் மறைக்கிறதென்றால் வேறு ஏதாவது இருக்கக் கூடாதா. டாக்டரிடம் போனால் மெஷினைத் தொடாதே என்பார். தொடாவிட்டால் நான் யார்? தாண்டிக்குடியிலிருந்து பன்றிமலை வரைக்கும் மரம் போட வேண்டுமென்றால் சந்தியாகுவைக் கூப்பிடு என்கிறார்கள், அந்தச் சந்தியாகு வீட்டில் உட்கார்ந்தால் அவன் எங்கே போவான். இதை எழுத்துக்கூட்டி யோசித்ததில்லை, அறுத்துக்கொண்டிருக்கும்போது தூள் பறக்கிற மாதிரி வந்து வந்து போகும்.

ஆனால் என் விரலைவிட அவள் கழிதான் என்னைத் தின்றது. ஏன் சீக்கிரம் தட்டுகிறாள்? கண் மங்கிவிட்டதா? ஆவணி மாசத்தில் ஒரு நாள் என் கால்சட்டை கிழிந்ததைத் தைக்க உட்கார்ந்தவள், ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டி, “இதக் கோத்துக் குடுங்க, கண்ணு தெரியல” என்றாள். நான் வாங்கவில்லை. எப்படி வாங்குவேன். “இதெல்லாம் எங்கிட்டயா, நான் என்ன தையல்காரனா” என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கால்சட்டை தைத்து மடித்து வைத்திருந்தது, யார் கோத்துக் கொடுத்தார்களென்று நான் கேட்கவில்லை, பக்கத்து வீட்டில் யாராவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருந்ததா என்றால் இல்லை, ஏதோ ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டவள் மாதிரி இருந்தது, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கண் காரணம் இல்லையென்றால் பயமா? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் இருதயம்தான் எனக்குக் கழி பிடித்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஒரு நாள் கழியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டுப் போனான். ஒரு வாரம் ஆள் தேடினேன். எட்டாவது நாள் காலையில் இவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மேலே என் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றாள். “மரத்தைப் பாக்கத்தான வேணும், அதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும். உங்க மூஞ்சியவே இத்தனை வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன், எப்பச் சாயும் எந்தப் பக்கம் சாயும்னு தெரியாதா” என்றாள். பொண்டாட்டி கையால் அடி வாங்கி மரம் போடுகிறவன் என்று மலை முழுக்கப் பேர் வந்தது. அவள் ஒரு நாளும் பயந்ததில்லை. ஒரு கொய்யாக் கிளை முறிந்து தன் முன்னால் விழுந்தபோதுகூட அதிலிருந்த காயைப் பறித்துக் கடித்துக்கொண்டு நின்றவள். அப்படியென்றால் கண்தான். கண்தான் என்று முடிவு செய்து, அதனால்தான் நான் மேலே பார்க்க ஆரம்பித்தேன். அவளுக்காக நானும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன், அவளிடம் சொல்லி மனத்தைப் புண்படுத்த வேண்டாம் என்று. நல்லவன் மாதிரித்தான் இருக்கிறது.

ஒதுங்குவதற்கு வழி சுத்தம் செய்தோம். விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது, மரம் சில சமயம் அடியில் உதைத்துப் பின்னால் வரும், அதனால் பின்னால் கோணலாக இரண்டு பக்கமும் வழி வேண்டும். பிலோமினா அரிவாளால் செடிகொடியை வெட்டிக் காலில் தட்டுகிற கல்லைப் பொறுக்கிப் போட்டாள். நான் மெஷினைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன், மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. முதலில் விழுகிற பக்கத்தில் வாய் போட வேண்டும், மேலிருந்து சரிவாக ஒரு வெட்டு, கீழே மட்டமாக ஒரு வெட்டு, நடுவில் இருக்கிற துண்டு தர்ப்பூசணிக் கீற்று மாதிரி கழன்று விழும். கழன்றது. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது, செத்த மரமென்று நினைத்தால் அடியில் இன்னும் ஈரம், மனத்தை என்னவோ செய்தது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் கையை வைத்துப் பார்த்தேன், கையுறை போட்டிருந்தேன், கையுறை இல்லாவிட்டாலும்தான் என்ன தெரிந்திருக்கும். பிறகு பின்பக்கம் வந்தேன். பின்னாலிருந்து அறுத்துக்கொண்டு வந்து வாய்க்கு இரண்டு விரல்கடை முன்னால் நிறுத்த வேண்டும். நடுவில் விடுகிற அந்தப் பட்டையைத்தான் கீல் என்போம், கதவுக்குக் கீல் மாதிரி, அதைப் பிடித்துக்கொண்டுதான் மரம் திரும்பும், நாம் சொன்ன பக்கம் விழும். கீலை அறுத்துவிட்டால் மரம் யார் சொல்வதையும் கேட்காது, சுழன்று எந்தப் பக்கமும் வரும், பத்தடி பின்னால் நிற்கிறவள் மேலும் வரும். இத்தனை வருஷத்தில் நான் கீலை அறுத்ததில்லை. அறுத்ததில்லை, அறுத்ததில்லை என்று தகட்டை உள்ளே விட்டேன். தூள் காலில் கொட்டியது. இரண்டு விரல்கடை, அதற்கு முன்னால் நிறுத்து, கழி பட்டால் நிறுத்து, பட்டாலும் படாவிட்டாலும் நிறுத்து, இப்போது விரல் எங்கே இருக்கிறது, அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது, சத்தம் சொல்கிறது. தகடு கால்வாசி போனதும் பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றைப் பின்னால் சொருகிக் கோடாலியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினேன், மரம் பின்னால் உட்கார்ந்துவிடாமல் இருக்க. மறுபடி தகடு. பாதி. மேலே பார்க்காதே. அவளுக்குக் கண் தெரியவில்லை என்றால் அந்தக் கொம்பை யார் பார்ப்பது? பார்த்தேன். கொம்பு கவட்டையில் இருந்தது. கீழே பார்த்தேன். தகடு முக்கால். மேலே பார்த்தேன், பனி நகர்ந்து உச்சியை மறைத்து மறுபடி விட்டது, அவ்வளவு மெல்ல, அவ்வளவு அழகாக, என்ன இது, அறுக்கிற நேரத்தில். கீழே. கழி படவில்லையே. இன்றைக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் தட்டாமல் இருக்கிறாள். மேலே பார்த்தேன், கவட்டையில் கொம்பு இல்லை.

அது வந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல், எனக்குச் சத்தமில்லாமல். முதுகில் எதுவும் படவில்லை. நான் இடது பக்கம் தாவினேன், விடு என்று விரலிடம் சொன்னேன், விரல் விடவில்லை, தகடு மரத்துக்குள்ளேயே கத்திக்கொண்டு இழுத்தது, மணிக்கட்டால் பிரேக்கைத் தட்டினேன், செயின் நின்றது, தகட்டைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தேன். கொம்பு எனக்கும் அவளுக்கும் நடுவில் விழுந்தது. கழியின் மேலே விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது பிலோமினா கையில் முழ நீளத்துக்கு மூங்கில் இருந்தது, மிச்சம் நார் நாராகப் பிளந்து தரையில் கிடந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்ததல்ல, அந்தப் பார்வை அங்கேயே ரொம்ப நேரமாக இருந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது, கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கிறவர்கள் எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியுமே, அது மாதிரி. மெஷினை அணைத்தேன். காதடைப்பைக் கழற்றினேன். காடு முழுக்க அமைதியாக இருந்தது, எங்கேயோ கீழே களத்தில் ராஜாங்கம் காயும் காப்பியைக் கிளறுகிற சத்தம் கேட்டது.

“மேல பாக்கலையா நீ” என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

“நீங்க ஏன் மேல பாத்தீங்க” என்றாள்.

“உனக்குக் கண்ணு தெரியலன்னு.”

“எனக்கா கண்ணு தெரியல? கீழ களத்துல ராஜாங்கம் சட்டையில மேல் பொத்தான் இல்ல, சொல்லவா?” கையிலிருந்த மூங்கில் துண்டைக் கீழே போட்டாள். “முன்னெல்லாம் தட்டுன உடனே மெஷின் அடங்கிரும். ஆடி மாசத்துல இருந்து தட்டிட்டு எண்ணுறேன். ஒண்ணு. ரெண்டு. சில நாள் மூணு. உங்க விரலு விட மாட்டேங்குது. அதான் முன்னாடியே தட்டுறேன், நான் மூணு எண்ணுற வரைக்கும் நீங்க விடாட்டியும் தகடு கீலுக்குப் போகாதில்ல.”

“ஊசி?”

“ஆமா, அதுவும் உங்க விரலப் பாக்கத்தான்.”

“சொல்லியிருக்கலாம்ல.”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். “இன்னைக்குக் காலையில கையுறை போடவே அவ்வளவு நேரம் எடுத்தீங்க. அதுனால கண்ணு அங்கயே போயிருச்சு. கொம்பை மறந்துட்டேங்க. ஒரு நிமிசம் மறந்துட்டேன்.” அதைச் சொன்னபோதுதான் அவள் முகம் உடைந்தது. நான் போய் அவளைத் தொடவில்லை, தொட்டிருக்க வேண்டும், பாதி அறுத்த மரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். “கயிறு சாக்குலதான் இருந்துச்சு பிலோமி” என்றேன். “முடிச்சுப் போட வராதுன்னுதான் விட்டேன்.” இரண்டு பேரும் கொம்பைப் பார்த்தோம்.

பாதி அறுத்த மரத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒரு காற்று போதும், யார் கீழே நடந்தாலும் அவர்கள் மேல் வரும். குனிந்து பார்த்தேன். விரல் விடாமல் இழுத்த இழுப்பில் தகடு ஒரு பக்கம் கோணலாக உள்ளே போயிருந்தது, தெற்குப் பக்கம் கீல் ஒரு விரல்கூட இல்லை, வடக்கில் மூன்று விரல் இருந்தது. மேலே பார்த்த நேரத்துக்கு விலை. இனி தகட்டை உள்ளே விடக் கூடாது. ஆப்பு அடித்துச் சாய்க்கலாம், மரத்துக்கே கிழக்குச் சாய்வு இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால் போகும். “நீ இங்க நிக்காத” என்றேன். “கழிதான் இல்லயே, பக்கத்துல எதுக்கு. மேட்டுல அந்தப் பாறைகிட்டப் போயி நின்னுக்க. மெஷின் ஓடாது, காது தெறந்திருக்கு, கூப்பிட்டாக் கேக்கும்.” அவள் யோசித்தாள். “ஏங்கன்னு கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காது. வீட்டுலயே மூணு தடவை கூப்பிடணும்.” “பேரச் சொல்லிக் கூப்பிடு.” “அய்யோ, அது வராது.” “தூரத்துல நின்னா வரும்.” “முப்பது வருசமா வராதது பாறை மேல ஏறி நின்னா வந்துருமாக்கும்” என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். ஏறிப் பாறை மேல் நின்று கழுத்தை நிமிர்த்தி உச்சியைப் பார்த்தாள். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை, அது எவ்வளவு கஷ்டமென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அவளைப் பார்க்கக் கூடாது.

கோடாலியைத் திருப்பிப் பிடித்து ஆப்பை அடித்தேன். டக். பொறு. டக். ஒவ்வோர் அடிக்கும் பிறகு நின்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு மரம் விழுவதற்கு முன்னால் என்ன சத்தம் போடும் என்று நான் கேட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது, எப்போதும் மெஷின்தான் கத்திக்கொண்டிருக்கும். உள்ளே எங்கேயோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம். டக். இரண்டாவது ஆப்பைப் பக்கத்தில் வைத்தேன், தெற்குப் பக்கம் பலம் குறைவு, அதனால் வடக்கில் மெல்ல, மெல்ல. உள்ளங்கை அடியின் அதிர்வை வாங்கிக்கொண்டது, விரல்கள் வாங்கவில்லை, யார் யாருக்கு என்ன வேலை என்று அவை தாங்களே பிரித்துக்கொண்டுவிட்டன. இது சாயாமல் போனால்? தெற்குப் பக்கம் பிய்ந்து சுழன்றால்? அவள் இப்போது தூரத்தில் இருக்கிறாள், அறுபது அடிக்கு அப்பால் இருக்கிறாள், மரம் சுழன்றாலும் அவளைத் தொடாது. பன்னிரண்டு வருஷமாகப் பத்தடியில் நிற்க வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என் பின்னால் வந்து பத்தடியில் நின்றிருக்கிறாள். டக். மரம் முனகியது. நான் மேலே பார்க்கவில்லை. அறுத்த இடம் ஒரு நூல் திறந்தது, மூடியது, திறந்தது. டக். நிமிர்ந்து பார்க்க வேண்டும்போலக் கழுத்து அரித்தது. பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், ராஜாங்கத்தின் பொத்தான்கூடத் தெரியும். டக்.

“சந்தியாகு.”

கத்தவில்லை, அழுத்திச் சொன்னாள். கொஞ்சம் வெட்கம்கூட அந்தக் குரலில் இருந்தது. நான் கோடாலியைப் போட்டுவிட்டு வடக்கு வழியில் ஒதுங்கினேன், ஓடவில்லை, நடந்தேன், அவ்வளவு நேரம் இருந்தது, எண்ணியிருந்தால் மூன்று எண்ணியிருக்கலாம். பிறகுதான் கீல் முறிகிற சத்தம், பிறகு காற்று, பிறகு தரை. காப்பி வரிசையின் நடுவில் ஒரு செடியைக்கூடத் தொடாமல், கொஞ்சம் வடக்கே தள்ளி, நான் நினைத்ததிலிருந்து ஒரு கை தள்ளி, கிடந்தது. தூசி அடங்கும் வரைக்கும் நாங்கள் அவரவர் இடத்தில் நின்றோம். கீழேயிருந்து ராஜாங்கம், “என்னண்ணே, மெஷின் சத்தமே இல்லாம விழுந்துருச்சு, அக்கா தள்ளிவிட்டாங்களா” என்று கத்தினார். “ஆமா” என்று கத்தினேன்.

விழுந்த மரத்தைத் துண்டு போட வேண்டும், கிளை கழிக்க வேண்டும், ஆறடி ஆறடியாகப் பிரிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மெஷின் வேண்டும். நான் மெஷினை எடுக்கப் போனேன். பிலோமினா இறங்கி வந்து அதைத் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்கட்டையில் உட்கார்ந்தாள். “ஒக்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன். கட்டை ஈரமாக இருந்தது. “கையக் குடுங்க.” கையுறையை அவளே விரல் விரலாக இழுத்துக் கழற்றினாள், குழந்தைக்குக் கழற்றுகிற மாதிரி. மூன்று விரல் வெள்ளையாக இருந்தன. “மேல பாருங்க” என்றாள். “எதுக்கு?” “கீழ பாத்தா கண்ணு சொல்லிரும். மேல பாருங்க.”

மேலே பார்த்தேன். இவ்வளவு நேரம் மரம் நின்ற இடத்தில் இப்போது எதுவுமில்லை, சுற்றி நிற்கிற மரங்களின் தலைகளுக்கு நடுவில் ஓர் ஓட்டை, அதில் பனி போய்க்கொண்டிருந்தது. என் கை அவள் மடியில் எங்கேயோ இருந்தது.

“இப்ப எந்த விரலப் புடிச்சிருக்கேன்?”

ஐந்தில் ஒன்று, சொல்லிவிடலாம். அவள் மூச்சை வைத்து, கட்டை லேசாக ஆடுகிறதை வைத்து, ஒரு மாதிரிக் கணித்துச் சொல்லிவிடலாம், இத்தனை நாள் அப்படித்தானே. சொன்னால் நாளைக்கும் மெஷின் என்னுடையது. நாளைக்கும் அவள் என் பின்னால் வந்து நிற்பாள்.

“தெரியல” என்றேன்.

“இது?”

“தெரியல பிலோமி.”

 கழுத்து வலித்தது, ஆனாலும் நான் தலையை இறக்கவில்லை.

“இது?”

“கட்டை விரல்.”

“ம்” என்றாள். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், அது மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.